முதலில் பனியாறு, பிறகு கப்பல்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பயண முகவர் அலுவலகத்தில் ‘அலாஸ்கா’ என்று சொன்னதும் மேசைமேல் ஒரு வண்ணப் புத்தகம் வந்து விழும். அட்டையில் வெள்ளை வெளேரென்று ஒரு கப்பல். அதற்குப் பின்னால், ஓர் ஓரமாக, நீல நிறத்தில் கொஞ்சம் பனி. உள்ளே புரட்டினால் நீச்சல் குளம், நாடக அரங்கு, விதவிதமான உணவகங்கள், குழந்தைகளுக்குச் சறுக்கு விளையாட்டு. பனி எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

பெரும்பாலான குடும்பங்கள் இந்தப் புத்தகத்தை வைத்துத்தான் முடிவெடுக்கின்றன. எந்தக் கப்பல் பெரியது, எதில் கட்டணம் குறைவு என்பதே கேள்வியாக இருக்கிறது. பல ஆண்டுச் சேமிப்பை எடுத்து, வயதான பெற்றோரையும் கூட்டிக்கொண்டு, பாதி உலகத்தைக் கடந்து போகிறார்கள். பனியாற்றின் எதிரே கப்பல் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது பயண அட்டவணையில் முன்பே அச்சாகியிருந்தது. அதைப் பார்க்கத் தவறியது திரும்பி வந்த பிறகுதான் தெரிகிறது.

நீச்சல் குளமும் நாடகமும் எந்தக் கடலிலும் கிடைக்கும். பனியாறு எல்லாக் கடலிலும் கிடைக்காது. ஆகவே அலாஸ்கா பயணத்தைத் திட்டமிடுவோர் வரிசையை மாற்றிப் போட வேண்டும். முதலில் பனியாறு, அடுத்து பாதை, அதற்கடுத்து மாதம், கடைசியில்தான் கப்பல்.

கடலே சாலை

அலாஸ்காவுக்கு ஏன் கப்பலில் போக வேண்டும்? அங்குள்ள நிலத்தின் அமைப்பு அப்படி. அலாஸ்காவின் தென்கிழக்குப் பகுதி கனடாவை ஒட்டிய நீண்ட கடற்கரைத் துண்டு. மலைகள் நேராகக் கடலுக்குள் இறங்குகின்றன. இடையில் நூற்றுக்கணக்கான தீவுகள். மாநிலத் தலைநகரமான ஜூனோவுக்கு வெளியூரிலிருந்து சாலையே கிடையாது. விமானத்தில் போகலாம், அல்லது படகில் போகலாம். அங்கு வாழும் மக்களுக்கே கடல்தான் நெடுஞ்சாலை. 1963ஆம் ஆண்டிலிருந்து மாநில அரசாங்கம் நடத்திவரும் பயணிகள் கப்பல் சேவைக்குப் பெயரும் ‘அலாஸ்கா கடல் நெடுஞ்சாலை’ என்பதுதான்.

எந்தப் பனியாறு?

பனியாறு என்பது உண்மையிலேயே ஓர் ஆறு. மலை உச்சியில் ஆண்டாண்டாகக் குவிந்த பனி, தன் பாரத்தாலேயே இறுகிக் கட்டியாகி, மெல்ல மெல்லக் கீழே நகர்ந்து வருகிறது. சில பனியாறுகள் கடல்வரை வந்து சேர்கின்றன. அங்கே அவற்றின் முகப்பு உடைந்து தண்ணீரில் விழும். இடி இடிப்பதுபோல் ஒரு சத்தம். பயணிகள் காத்திருப்பது இதற்காகத்தான். கப்பலில் இருந்தபடியே இதைக் காணச் சில இடங்கள்தாம் உள்ளன.

முதலாவது கிளேசியர் பே தேசியப் பூங்கா. இதன் கதை கேட்கத் தக்கது. 1794ஆம் ஆண்டில் கேப்டன் ஜார்ஜ் வான்கூவரின் கடற்பயணக் குழு அங்கே வந்தபோது, இன்று விரிகுடாவாக இருக்கும் இடம் ஏறக்குறைய முழுவதும் பனியாக இருந்தது. 1879இல் இயற்கை ஆர்வலர் ஜான் மியூர் வந்தபோது பனி சுமார் 77 கிலோமீட்டர் பின்வாங்கியிருந்தது. 1916இல் அது 100 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே போய்விட்டது. இன்று சொகுசுக் கப்பல் மிதந்து செல்லும் அந்த நீர்ப்பரப்பில், சுமார் 230 ஆண்டுகளுக்கு முன் பனி மலையாக நின்றது.

அதற்கும் முன்னால் அங்கே மக்கள் வாழ்ந்தார்கள். ஹூனா டிலிங்கிட் இனத்தாரின் பூர்வீக நிலம் அது. முன்னேறி வந்த பனி தங்கள் ஊர்களை விழுங்கியதால் முன்னோர்கள் வெளியேறினார்கள் என்று அவர்களின் வாய்மொழி வரலாறு சொல்கிறது. 2016ஆம் ஆண்டில் அந்த விரிகுடாக் கரையில் அவர்களுடைய மரபு இல்லம் ஒன்று மீண்டும் எழுந்தது.

இந்தப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 2 பெரிய சுற்றுலாக் கப்பல்கள்தாம் அனுமதிக்கப்படுகின்றன. கப்பல் கரையில் நிற்பதில்லை. பூங்காக் காவலர்கள் கப்பலுக்கே ஏறி வந்து விளக்கம் சொல்கிறார்கள். ஏறத்தாழ ஒரு பகல் முழுவதும் பூங்காவுக்குள் கழிகிறது. மார்ஜரி பனியாற்றின் முகப்பு ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் அகலம், நீர்மட்டத்திலிருந்து சுமார் 75 மீட்டர் உயரம். ஏறத்தாழ 25 மாடிக் கட்டடம் பனியால் ஆனதாக நினைத்துக்கொண்டால் ஓரளவு விளங்கும்.

இரண்டாவது ஹப்பர்ட் பனியாறு. நீளம் சுமார் 122 கிலோமீட்டர். கடலில் வந்து முடியும் வட அமெரிக்கப் பனியாறுகளில் இதுவே மிகப் பெரியது. பல பனியாறுகள் பின்வாங்கும் காலத்தில் இது முன்னேறிக்கொண்டிருக்கிறது. 1986இலும் 2002இலும் பக்கத்திலுள்ள ரஸ்ஸல் கடற்கால்வாயின் வாயை அடைத்து, அதை ஏரியாகவே மாற்றிவிட்டுப் பிறகு உடைத்துக்கொண்டது. ஆனால் மிதக்கும் பனி அதிகமாக இருக்கும் நாளில் கப்பல் அருகே போக முடியாது.

மூன்றாவது, ஜூனோவுக்குத் தெற்கே உள்ள டிரேசி ஆர்ம், எண்டிகாட் ஆர்ம் என்ற இரண்டு குறுகிய கடற்கால்வாய்கள். இருபுறமும் செங்குத்தான பாறைகள், நடுவே கப்பல். டிரேசி ஆர்ம் பல ஆண்டுகளாகப் பெயர்பெற்ற இடம். 2025 ஆகஸ்டு 10ஆம் நாள் அதிகாலையில் அங்கே ஒரு மலைச்சரிவு பெயர்ந்து கடலில் விழுந்தது. பெரும் அலை எழுந்து எதிர்ப்புறப் பாறைகளில் மரங்களைச் சுத்தமாகத் துடைத்தெடுத்தது. அந்த நேரத்தில் பெரிய கப்பல் எதுவும் உள்ளே இல்லை, உயிர்ச்சேதமும் இல்லை. தாங்கிநின்ற பனி பின்வாங்கும்போது மலைச்சரிவு ஆதாரத்தை இழக்கிறது என்பது இதில் அடங்கிய பாடம். அதன் பிறகு பல கப்பல் நிறுவனங்கள் டிரேசி ஆர்மைத் தவிர்த்து எண்டிகாட் ஆர்முக்குப் பாதையை மாற்றின. பழைய புத்தகத்தையோ, முன்பு போய் வந்த நண்பரின் படங்களையோ நம்பிப் பதிவு செய்யக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

முகவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: “இந்தக் கப்பல் எந்தப் பனியாற்றுக்குப் போகிறது, அங்கே எத்தனை மணி நேரம் இருக்கும்?” பதில் தெளிவாக வராவிட்டால் வேறு முகவரைப் பார்ப்பது நல்லது.

எந்தப் பாதை?

பாதைகள் மூன்று. அமெரிக்காவின் சியாட்டலில் ஏறி அங்கேயே இறங்குவது ஒன்று. கனடாவின் வான்கூவரில் ஏறி அங்கேயே இறங்குவது மற்றொன்று. வான்கூவரில் ஏறி, வடக்கே அலாஸ்காவின் சீவார்டு அல்லது விட்டியர் துறைமுகத்தில் இறங்குவது மூன்றாவது. மூன்றும் வழக்கமாக 7 இரவுகள்.

சியாட்டல் பயணத்திற்கு விமான வசதி அதிகம். ஆனால் அந்தக் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவின் மேற்கே, திறந்த கடல் வழியாகப் போகும். கப்பல் கொஞ்சம் ஆடும். வான்கூவரில் புறப்படும் கப்பல்கள் தீவுக்கும் கரைக்கும் இடைப்பட்ட அமைதியான நீரில் செல்கின்றன. இருபுறமும் காடும் மலையும் கூடவே வரும். ஒருவழிப் பயணத்தில் அலாஸ்கா வளைகுடாவையும் கடக்க வேண்டும். அங்கே அலை உண்டு. ஆனால் இறங்கிய பிறகு ரயிலில் உள்நாட்டுக்குப் போய் டெனாலி தேசியப் பூங்காவையும் பார்க்கலாம். அந்தப் பூங்காவின் ஒரே சாலை 2021 ஆகஸ்டில் நிலச்சரிவால் பாதி வழியில் துண்டிக்கப்பட்டது. எதுவரை பேருந்து போகிறது என்பதை விசாரித்துவிட்டே பணம் கட்ட வேண்டும்.

சியாட்டலில் புறப்படும் கப்பல்கள் ஏன் கடைசி இரவில் கனடாவின் விக்டோரியா நகரில் சில மணி நேரம் நிற்கின்றன? ஊரைக் காட்டுவதற்காக மட்டும் அல்ல. 1886ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்று, வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே மட்டும் பயணிகளை ஏற்றிச் செல்வதைத் தடுக்கிறது. நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். நோய்த்தொற்றுக் காலத்தில் கனடா தன் துறைமுகங்களை மூடியபோது அலாஸ்கா பயணங்களே நின்றுபோயின. 2021 மே மாதத்தில் தற்காலிகச் சட்டம் ஒன்று வந்த பிறகுதான் கப்பல்கள் மீண்டும் புறப்பட்டன.

இந்தச் சட்டம் நம் வட்டாரப் பயணியையும் தொடுகிறது. விக்டோரியாவில் சில மணி நேரமே நின்றாலும் அது கனடா. மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்போருக்கு அமெரிக்க விசாவும் கனடா விசாவும் தேவை. அமெரிக்க விசா நேர்காணலுக்குப் பல வாரங்கள், சில நேரங்களில் மாதங்கள்கூடக் காத்திருக்க நேரலாம். சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ளோருக்கு இணையவழி முன்அனுமதி போதும்; அமெரிக்காவுக்கு எஸ்டா, விமானத்தில் கனடா செல்வதற்கு இ.டி.ஏ. விதிகள் மாறக்கூடியவை. ஆகவே தூதரக அறிவிப்பைப் பார்த்துக்கொண்டு, விசா கையில் வந்த பிறகே திருப்பித் தரப்படாத பணத்தைக் கட்டுவது புத்திசாலித்தனம்.

எந்த மாதம்?

கப்பல்கள் ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து அக்டோபர்வரை ஓடுகின்றன. மே மாதத்தில் மழை குறைவு. மலைமேல் பனி நிறைய இருக்கும், கட்டணமும் குறைவு. ஆனால் குளிர் உண்டு. ஜூன் மாதம் நீண்ட பகலின் மாதம். ஜூனோவில் ஜூன் 21 வாக்கில் பகல் பொழுது 18 மணி நேரத்துக்கும் மேல். ஜூலை, ஆகஸ்டில் வெப்பம் சற்றுக் கூடும். சால்மன் மீன்கள் கூட்டம் கூட்டமாக ஆறுகளில் ஏறும். அவற்றைத் தேடிக் கரடிகள் வரும். கட்டணமும் கூட்டமும் உச்சத்தில் இருக்கும். செப்டம்பரில் மழை கொட்டும். ஆனால் இருட்டு திரும்பி வருவதால், அதிர்ஷ்டம் இருந்தால் வானத்தில் வடதுருவ ஒளியைக் காணலாம்.

கூனல்முதுகுத் திமிங்கலங்கள் குளிர்காலத்தை ஹவாய்ப் பக்கம் கழித்துவிட்டுக் கோடையில் இரை தேடி இங்கே வருகின்றன. ஜூன் முதல் ஆகஸ்டுவரை அவற்றைக் காண வாய்ப்பு அதிகம். படகு எதுவும் அவற்றைச் சுமார் 90 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்பது சட்டம். நெருக்கமாகக் கொண்டுபோகிறோம் என்று ஆசை காட்டும் படகைவிட, தள்ளி நின்று காத்திருக்கும் படகே நல்ல படகு.

மழைக்கும் தயாராக இருக்க வேண்டும். கெச்சிக்கான் நகரில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. சிங்கப்பூரில் பெய்வதைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். அங்கே யாரும் குடையை நம்புவதில்லை.

பணம் எங்கே போகிறது?

விளம்பரத்தில் வரும் கட்டணம் பாதிக் கணக்குத்தான். துறைமுக வரிகள் தனி. பணியாளருக்கான அன்பளிப்பு என்று ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 அமெரிக்க டாலர்வரை கணக்கில் சேரும். இணையம், குளிர்பானம் தனி. பெரிய செலவு கரைச் சுற்றுலாக்கள். திமிங்கலப் படகுக்கு ஒருவருக்கு 150 டாலருக்கு மேல் ஆகும். ஹெலிகாப்டரில் பனியாற்றின்மேல் இறங்க 300 டாலருக்கு மேல். நான்கு பேர் குடும்பத்திற்கு இவை என்ன ஆகும் என்று உட்கார்ந்து கூட்டிப் பார்க்க வேண்டும்.

சிக்கனமாகப் போகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. பால்கனி அறைக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தைக் குறைத்துக்கொண்டு, சாதாரண அறை எடுத்து, மிச்சத்தை ஒரே ஒரு நல்ல கரைச் சுற்றுலாவுக்குச் செலவிடலாம். பனியாற்றின் எதிரே கப்பல் மெல்லத் திரும்பி இரண்டு பக்கத்துக்கும் காட்டும். மேல்தளம் எல்லாருக்கும் பொது. ஆனால் குளிரில் நிற்க முடியாத முதியவர் கூட வந்தால் கணக்கு மாறுகிறது. அவருக்குப் பால்கனி ஆடம்பரம் அல்ல. வடக்கு நோக்கிய ஒருவழிப் பயணத்தில் வலது பக்க அறை கரையைப் பார்த்திருக்கும்.

யானையை வாங்கியவன் அங்குசம் வாங்க யோசித்தானாம். அலாஸ்காவுக்குப் போகிற பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆயிரக்கணக்கில் செலவு செய்துவிட்டு, நீர்புகா மேலங்கியும் தொலைநோக்கியும் வாங்கத் தயங்குகிறார்கள். தடித்த ஒரே உடையைவிட மெல்லிய மூன்று அடுக்குகள் மேல். தொலைநோக்கி ஆளுக்கொன்று இருந்தால் சண்டை வராது.

மருத்துவக் காப்புறுதியில் அவசர விமானச் செலவும் அடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கப்பல் புறப்படும் நாளிலேயே போய் இறங்குவது ஆபத்து. ஒரு நாள் முன்னதாகவே அந்த ஊரில் இருக்க வேண்டும். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. சைவ உணவு வேண்டுவோர் பதிவு செய்யும்போதே எழுத்து மூலம் தெரிவித்துவிட வேண்டும்.

விருந்தினரின் கடமை

இறுதியாக ஒன்று. பயணிக்கு அது விடுமுறை. அங்கே வாழ்வோருக்கு அது வீடு.

ஜூனோவின் மக்கள் தொகை சுமார் 32,000. 5 பெரிய கப்பல்கள் ஒரே நாளில் வந்தால், ஊர் மக்களில் பாதிக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் விருந்தினர் இறங்குகிறார்கள். கடைக்காரருக்கு அது வாழ்வு. வீட்டின்மேல் ஓயாமல் ஹெலிகாப்டர் பறக்கிறதே என்பவருக்கு அது தொல்லை. இரண்டு பேரும் அதே ஊர்க்காரர்கள். 2024இலிருந்து நாளொன்றுக்கு 5 பெரிய கப்பல்கள்தாம் என்று நகராட்சியும் கப்பல் நிறுவனங்களும் உடன்பாடு கண்டன. 2026 முதல் பயணிகள் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது: சனிக்கிழமையில் 12,000 படுக்கைகள், மற்ற நாட்களில் 16,000. சனிக்கிழமையில் பெரிய கப்பலே வேண்டாம் என்ற யோசனை 2024 அக்டோபரில் வாக்கெடுப்புக்கு வந்து தோற்றது. விவாதம் தோற்றுவிடவில்லை.

அதே ஊரில் மெண்டன்ஹால் பனியாறு இருக்கிறது. எல்லாரும் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதன் பக்கத்து மலைக்குழியில் உருகிய நீர் தேங்கி, பனிக்கு அடியில் வழி கண்டு திடீரென்று பாய்கிறது. 2023, 2024, 2025 ஆகிய 3 ஆண்டுகளிலும் ஆகஸ்டு மாதத்தில் அந்த வெள்ளம் முந்தைய அளவுகளை முறியடித்தது. 2024இல் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குள் நீர் புகுந்தது. படத்தில் அழகாகத் தெரியும் அதே பனி, கீழே வசிப்பவரின் உறக்கத்தைக் கெடுக்கிறது.

ஆகவே கரையிறங்கும்போது சிலவற்றை மனத்தில் கொள்ளலாம். உள்ளூர்க்காரர் நடத்தும் படகு, உள்ளூர்க் கைவினைஞரின் பொருள் என்று பார்த்துப் பணம் கொடுக்கலாம். ஹூனா நகருக்கு அருகிலுள்ள ஐசி ஸ்டிரெயிட் பாயிண்ட் துறை, அப்பகுதிப் பூர்வகுடியினரின் நிறுவனத்துக்கே சொந்தமானது. அங்கே செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கு அந்த ஊரில் தங்குகிறது. கெச்சிக்கானில் நிற்கும் குலமரபுத் தூண்கள் வெறும் அலங்காரம் அல்ல, ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் வரலாறு. தொட்டு ஏறிப் படம் எடுக்காமல், அருகில் நின்று அதன் கதையைக் கேட்கலாம்.

பெரிய கப்பல் நிறைய எண்ணெய் எரிக்கிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பனி உருகுவதற்கு முன் பார்த்துவிட வேண்டும் என்று ஓடுகிற பயணமே, பனி உருகுவதில் சிறு பங்கு வகிக்கிறது. இதற்கு எளிதான விடை இல்லை. ஆண்டுதோறும் ஒரு கப்பல் என்று ஓடாமல், வாழ்வில் ஒருமுறை, நன்கு தெரிந்துகொண்டு, நிறைய நாள் தங்கிப் பார்த்து வருவது ஓரளவு நியாயமான வழி.

எவ்வளவு திட்டமிட்டாலும் கடைசியில் ஒன்று நம் கையில் இல்லை. குறித்த நாளில் மூடுபனி இறங்கி, பனியாறே தெரியாமல் போகலாம். 2 மணி நேரம் காத்திருந்தும் ஒரு துண்டுகூட உடைந்து விழாமல் இருக்கலாம். அட்டவணையைத் திட்டமிடலாம், பனியைத் திட்டமிட முடியாது. ஆனால் முழுப் பகலும் பனியின் அருகே நிற்கும் கப்பலைத் தேர்ந்தெடுத்தவருக்கு, மூடுபனி விலகும்வரை காத்திருக்க நேரம் இருக்கும். சரியான கேள்வியை முன்பே கேட்டுவைத்ததன் பலன் அதுதான்.

அப்படிப் பனி விலகும் நேரத்தில், கூட வந்த தாத்தா தம் பேரப்பிள்ளையிடம் ஒன்றைச் சொல்லலாம். கப்பல் நிற்கும் இந்த இடத்தில் ஒரு காலத்தில் பனி மலையாய் நின்றது. அதற்கும் முன்னால் இங்கே ஊர் இருந்தது. பயணத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர இதைவிட விலையுயர்ந்த பொருள் எந்தக் கடையிலும் இல்லை.